சிரிப்புக்கு ஒரு நாள், கொலைக்கு ஒரு நாள்

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது ஆலத்தியூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருந்தால் அது அனேகமாக சிமென்ட்டால்தான் இருக்கும். 1997-ல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் நிறுவனம் (இன்றைய ராம்கோ சிமென்ட்ஸ்) இங்கே ஆலையைத் தொடங்கியது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது தனிக்கதை. 1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடியும் பெரம்பலூர், 2007-ல் மறுபடியும் அரியலூர்! பன்னிரண்டு வருடத்தில் நான்கு முறை முகவரி மாற்றம். விலாசம் எழுதிய தபால்காரருக்கே தலை சுற்றியிருக்கும்.

ஆலைப் புகைபோக்கி எழும்பிய அதே தொண்ணூறுகளின் பிற்பாதியில்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் கேபிள் வயரும் நுழைந்தது. அந்த வயர் வழியாக ஒரு சாமியும் வந்தார். சன் டிவியில் ஒளிபரப்பான 'விடாது கருப்பு' தொடரின் கருப்பு. அரியலூர், பெரம்பலூர் பகுதி கிராமங்களில் எல்லைக்கு எல்லை அய்யனாரும் கருப்பும் அரிவாளோடு நிற்பார்கள். நிஜக் கருப்பு ஊர் எல்லையில், டிவி கருப்பு நடுக்கூடத்தில். அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு இரவில் கொல்லைப்புறம் போக பயந்த பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு என்றாலும், தெருமுனையிலேயே அந்தச் சாமியை வைத்துக்கொண்டு பார்த்தவர்களின் பயம் கொஞ்சம் விசேஷமானது.

அந்தக் காலத்து டிவியில் பயத்துக்கு ஒரு நாள் என்றால் சிரிப்புக்கு வேறொரு நாள். ஒரே வாரத்தில் இரண்டும் கிடைக்கும், ஆனால் ஒரே அரைமணி நேரத்தில் கிடைக்காது. கொலையைப் பார்த்துக்கொண்டே சிரிக்க வைக்கிற, ஒவ்வொரு கதையும் தனித்தனியாக முடிகிற குற்றத் தொடர் ஒன்று தமிழ்ச் சின்னத்திரையில் ஏன் உருவாகவில்லை? சமையலுக்கு வேண்டிய அத்தனையும் அடுப்படியில் இருந்தும் குழம்பு மட்டும் வைக்கப்படாத கதை இது.

அது என்ன குழம்பு?

இந்த வகைக்கு இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் 'ஃபார்கோ'. கோயன் சகோதரர்கள் 1996-ல் எடுத்த படத்தின் பெயரையும் காற்றையும் எடுத்துக்கொண்டு நோவா ஹாலி உருவாக்கிய தொடர். 2014 ஏப்ரலில் எஃப்.எக்ஸ். சேனலில் ஆரம்பித்து 2024 ஜனவரி வரை ஐந்து பருவங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு கதை, வேறு ஆட்கள், வேறு வருடம். முதல் பருவம் 2006, இரண்டாவது 1979, மூன்றாவது 2010, நான்காவது 1950, ஐந்தாவது 2019. மாறாதது அமெரிக்காவின் நடுப்பகுதியும், கொலை நடந்த வீட்டிலும் மரியாதை தவறாமல் பேசுகிற மனிதர்களும்தான். (நான்காவது பருவத்தில் பனியும் குறைவு, சிரிப்பும் குறைவு. ஐந்தில் அதுதான் தேறாதது.)

இரண்டாவது பருவத்தில் ஒரு காட்சி. அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் பெக்கி இரவில் காரோட்டி வரும்போது ஒருவன் மேல் மோதிவிடுகிறாள். அவன் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாதி உள்ளே, பாதி வெளியே தொங்குகிறான். பெக்கி என்ன செய்கிறாள்? ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, போலீசுக்கும் போகவில்லை. அந்தக் கோலத்திலேயே வீட்டுக்கு ஓட்டி வந்து, காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு, புருஷனுக்கு ராத்திரிச் சாப்பாடு சமைக்கிறாள். புருஷன் கறிக்கடைக்காரன். உடலை மறைக்கும் வழி என்ன என்பதை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது, சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காக வெட்கமும் வருகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் விஷயம். மூன்றாவது பருவத்தில் ஒரு கூலித் திருடன் முகவரிச் சீட்டைத் தொலைத்துவிட்டு, அதே குடும்பப் பெயர் கொண்ட வேறொரு கிழவரைக் கொன்றுவிட்டு வருகிறான். 'ஃபார்கோ'வில் கொலைக்குக் காரணம் பெரும்பாலும் பெரிய தீமை இல்லை, சின்ன முட்டாள்தனம். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று, அதை மறைக்க ஒரு பிணம்.

இந்த வித்தைக்கும் ஒரு பாட்டனார் உண்டு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1955-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பித்த வாராந்திரத் தொடர். 1958-ல் ரோல்ட் டால் கதை ஒன்றை அவரே அதில் இயக்கினார். உறைந்துபோன ஆட்டுத் தொடையால் புருஷனை அடித்துக் கொல்கிற மனைவி, அதே தொடையைச் சமைத்து, ஆயுதத்தைத் தேடி வந்த போலீஸ்காரர்களுக்கே பரிமாறிவிடுகிறாள். சாட்சியம் ஜீரணமாகிவிட்டது!

சாம்புவும் அவன் மூக்கும்

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ரசனை, நமக்கு ஒத்துவராது' என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வட தமிழகத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியும். துகில் உரிகிற சபையானாலும் சரி, தலை உருளப் போகிற யுத்தமானாலும் சரி, குறுக்கே வந்து ராஜாவையே நக்கலடித்துவிட்டுப் போவான். ஜனங்கள் அழுத கண்ணோடு சிரிப்பார்கள், சாமி குற்றம் என்று யாரும் எழுந்து போனதில்லை.

அச்சு ஊடகத்திலும் இதற்குத் தடை இருக்கவில்லை. 1940-களின் ஆரம்பத்தில் ஆனந்த விகடனில் தேவன் 'துப்பறியும் சாம்பு'வை எழுத ஆரம்பித்தார். தேவனின் இயற்பெயர் மகாதேவன். திருவிடைமருதூரில் 1913-ல் பிறந்தவர், 1957-ல் நாற்பத்து நான்கு வயதுக்குள் போய்விட்டார். அவருடைய சாம்பு அசட்டு பாங்க் குமாஸ்தா. மூக்கு பெரியது, மூளை அப்படியில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிய ஆள். ஆனால் எங்கே தடுக்கி விழுந்தாலும் அங்கே திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அந்த விழுதலையெல்லாம் மகா தந்திரம் என்று நம்பிச் சலாம் போடுவார். கதைக்குக் கதை புதுக் குற்றம், புதுக் குற்றவாளி, அந்தந்தக் கதைக்கு அங்கேயே முடிவு. சாம்புவும் கோபாலனும் தொடர்ந்து வருகிறார்கள் என்பதைத் தவிர்த்துப் பார்த்தால், சிரிப்போடு கூடிய குற்றக் கதைக் கொத்து என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் உதாரணம் கிடையாது. பின்னாளில் தூர்தர்ஷனில் சாம்பு தொடராக வந்தபோது காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். ஆளுக்கும் பாத்திரத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

என்ன குறை? சாம்பு உலகில் ரத்தம் இல்லை. நெக்லஸ் போகும், வைரம் போகும், உயிர் போவது அபூர்வம். கொலை நடந்தாலும் அது கதையின் ஓரத்தில்தான் நடக்கும். தேவன் சிரிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் குற்றத்தை மென்மையாக்கினார். மேடையிலும் அதேதான். கிரேஸி மோகன் எஸ்.வி. சேகர் குழுவுக்கு எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' 1976-ல் அரங்கேறியது. திருடர்கள் உண்டு, ஆள்மாறாட்டம் உண்டு, வயிறு வலிக்கச் சிரிப்பு உண்டு. இடைவேளையில் போண்டா சாப்பிடும்போது யாருக்கும் நெஞ்சில் ஒன்றும் உறுத்தாது.

நிஜ வாழ்க்கையில் கொலையும் சிரிப்பும் சந்தித்தபோது அது வேடிக்கையாக இல்லை. 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு இறந்தார். அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு இன்னொருவர், தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். ஊரிலேயே பெரிய சிரிப்புக்காரர் கொலை வழக்கில் சிறையிலிருந்த அந்த இரண்டரை வருடத்தைப் பற்றி 'ஃபார்கோ' மாதிரி ஒரு தொடர் எடுக்க யாருக்காவது துணிச்சல் வந்தால் நல்லது.

கருப்பு வந்த நாள்

குற்றத்தின் பக்கத்துக்கு வரலாம். 'மர்மதேசம்' என்ற பொதுத் தலைப்பில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தொண்ணூறுகளில் தயாரித்த தொடர்கள்தான் தமிழ்ச் சின்னத்திரையின் உண்மையான குற்றக் கதைக் கொத்து. எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் வந்த 'ரகசியம்', அடுத்து வந்த 'விடாது கருப்பு' இரண்டையும் இயக்கியவர் நாகா. 'ரகசியம்' சித்தர்கள், நவபாஷாண லிங்கம், பைரவர் கோவில் என்று ஒரு தினுசு. 'விடாது கருப்பு' கிராமத்துக் காவல் தெய்வம் என்று வேறு தினுசு. தொடர்ந்து 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று வந்தன. ஒரே தலைப்பு, ஒவ்வொரு முறையும் புதுக் கதை, புது ஊர், புது ஆட்கள், கதை முடிந்ததும் கடை கட்டு. அமெரிக்காவில் 'ட்ரூ டிடெக்டிவ்', 'ஃபார்கோ' இரண்டும் 2014-ல் இதே ஏற்பாட்டில் வந்தபோது பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. அதற்குப் பதினைந்து வருடத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் இதைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் ஏராளம். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

'விடாது கருப்பு'வின் ஊர் தோட்டக்காரமங்கலம். அங்கே தப்பு செய்தவன் கருப்பின் தண்டனைக்கு ஆளாகிறான். இரவில் குதிரைக் குளம்படிச் சத்தம், காலையில் பிணம். கதை முன்னும் பின்னுமாக இரண்டு காலங்களில் ஓடும். சின்னப் பையனாக இருந்த ராஜேந்திரனின் காலம் ஒன்று, சேத்தன் நடித்த வளர்ந்த ராஜேந்திரனின் காலம் இன்னொன்று. வாரம் ஒரு முறை மட்டும் வந்த தொடரில் இப்படிக் காலத்தைப் புரட்டிப் போட்டும் கிராமத்து ஜனங்கள் குழம்பாமல் பார்த்தார்கள் என்பதே பெரிய விஷயம். 'சாதாரண ஜனங்களுக்குப் புரியாது' என்று சொல்லி எல்லாவற்றையும் கூழாக்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி.

(முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடலாம். யூடியூபில் தொடர் கிடைக்கிறது.) கருப்பாக வருவது யார் என்ற கேள்விக்குக் கடைசியில் கிடைக்கும் பதில் கோவிலிலிருந்து வரவில்லை, மனநல மருத்துவத்திலிருந்து வருகிறது. ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள். யார் அது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் இந்தப் பதிலுக்கு முன்னால் தொடர் கட்டிக் காட்டுகிற இன்னொரு விஷயம்தான் முக்கியம். ஒவ்வொரு சாவையும் சாமி கணக்கில் எழுதிவிட்டால் ஊரில் எல்லோருக்கும் சௌகரியம். சாமியே குற்றவாளி என்றால் வழக்கு எதற்கு, சாட்சி எதற்கு? செத்தவன் என்னவோ தப்பு செய்திருப்பான், அவ்வளவுதான்.

இது கிட்டத்தட்ட 'ஃபார்கோ'தான்! அங்கே ஒவ்வொரு அத்தியாயமும் 'இது உண்மைக் கதை, செத்தவர்களுக்கு மரியாதையாக நடந்ததை அப்படியே சொல்கிறோம்' என்ற பொருளில் ஒரு அறிவிப்போடு தொடங்கும். சுத்தப் பொய், எல்லாம் கற்பனை. இங்கே 'சாமி தண்டித்தது' என்று ஊர் சொல்கிறது. பார்க்கிறவரை ஏமாற்றும் முதல் வாக்கியம் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. 'ஃபார்கோ' இரண்டாவது பருவத்தில் துப்பாக்கிச் சண்டை நடுவே வானத்திலிருந்து பறக்கும் தட்டு இறங்குகிறது. பெக்கி ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதற்கென்ன இப்போ, கிளம்பு என்கிற தொனியில் புருஷனை இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அமானுஷ்யம் அங்கே நகைச்சுவையாகிவிடுகிறது. தோட்டக்காரமங்கலத்தில் குளம்படிச் சத்தம் கேட்டால் யாரும் அப்படித் தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியாது. கதையே அந்தப் பயத்தின் மேல்தான் நிற்கிறது.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 'ஃபார்கோ'வில் குற்றத்தின் வேர் முட்டாள்தனம். 'மர்மதேச'த்தில் குற்றத்தின் வேர் பாவம். முட்டாளைப் பார்த்துச் சிரிக்கலாம், பாவியைப் பார்த்துச் சிரிப்பது கஷ்டம். பாவத்துக்குத் தண்டனை உண்டு, தண்டிக்கிறவர் சாமி. சாமி வருகிற நேரத்தில் யார் சிரிப்பார்கள்? ஊர் எல்லையில் அதே சாமியை வைத்திருக்கிற ஆலத்தியூர் மாதிரி ஊர்களில் அந்தச் சிரிப்புக்கு இன்னும் இடம் குறைவு. தெருக்கூத்துக் கட்டியங்காரனுக்கு இருந்த சுதந்திரம் டிவி எழுத்தாளருக்கு இருக்கவில்லை.

நாகாவுக்குச் சிரிக்க வைக்கத் தெரியாதா என்றால், அதுதான் இந்தக் கதையின் பெரிய விசித்திரம். 'ரமணி vs ரமணி' என்ற நகைச்சுவைத் தொடரை இயக்கியதும் இதே நாகாதான். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி, நாளுக்கொரு ரகளை. அதன் இரண்டாம் பாகத்தில் நடித்த தேவதர்ஷினி 'விடாது கருப்பு'விலும் நடித்தவர். இயக்குநர் ஒருவரே, நடிகையும் ஒருவரே, தயாரித்த நிறுவனமும் ஒன்றே. ஆனால் சிரிப்பு ஒரு தொடரில், கொலை வேறொரு தொடரில். அரிவாளும் வாழைப்பழமும் ஒரே வீட்டில் இருந்தும் ஒரே தட்டில் வைக்கப்படவில்லை.

தனி டிராக்

பழி முழுவதையும் டிவி மேல் போடுவதும் நியாயமில்லை. தமிழ் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலமாகத் தனிக்குடித்தனம் நடத்தியது. என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்தே காமெடிப் பகுதி தனியாக எழுதப்பட்டு, தனியாக எடுக்கப்பட்டு, படத்தில் செருகப்படும். கவுண்டமணி - செந்தில் காலத்தில் அதற்கென்றே ஏ. வீரப்பன் மாதிரித் தனி எழுத்தாளர்கள் இருந்தார்கள். கதாநாயகன் அழுதுகொண்டிருப்பான், அடுத்த காட்சியில் வாழைப்பழக் கணக்கு நடக்கும். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

இந்தச் சுவரை ஒரு பெரிய படம் 1989-லேயே இடித்தது. 'அபூர்வ சகோதரர்கள்'. அப்பு சர்க்கஸ் கோமாளி, தொழிலே சிரிக்க வைப்பது. அவன்தான் கொலைகாரன்! ஒன்று தட்டி ஒன்று உருண்டு கடைசியில் அம்பு பாய்கிற விளையாட்டுச் சாமான் ஏற்பாட்டில் ஒரு கொலை, சர்க்கஸ் புலியை வைத்து இன்னொரு கொலை. துப்புத் துலக்க வருகிற ஜனகராஜும் அவருடைய கான்ஸ்டபிளும் அடிக்கிற கூத்து வேறு. கொலையின் உருவத்திலேயே வேடிக்கை இருக்கிறது, பார்க்கிறவருக்கு அப்புவின் மேல் பரிதாபமும் இருக்கிறது. படம் ஓடோ ஓடென்று ஓடியது. ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்ற வாதம் அன்றைக்கே அடிபட்டுப் போனது. ஆனாலும் அதன் வழியில் நடக்க வேறு யாரும் அவசரப்படவில்லை, டிவியில் சுத்தமாக இல்லை.

முடிவு போன கதை

1999 கடைசியில் சன் டிவியில் ராதிகாவின் 'சித்தி' ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள் போய், வாரம் ஐந்து நாள் வந்தது. 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என்று மெகா சீரியல் யுகம். 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. மெகா சீரியலில் குற்றம் இல்லையா? குற்றத்துக்குப் பஞ்சமே இல்லை. 'கோலங்கள்' ஆதி செய்யாத அக்கிரமம் எது? ஆனால் அவனுக்கு முடிவு வர ஆறு வருடம் ஆனது. தினமும் வர வேண்டிய வில்லனைச் சீக்கிரம் முடிக்க முடியாது, முடித்தால் மறுநாள் எட்டரை மணிக்கோ ஒன்பது மணிக்கோ என்ன போடுவது?

மெகா சீரியல் கொன்றது குற்றக் கதையை இல்லை, முடிவை. ஒரு துணுக்குக்குக் கடைசி வரி எப்படியோ, கறுப்பு நகைச்சுவைக்கு முடிவு அப்படி. ஆட்டுத் தொடையைப் போலீஸ்காரர் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அப்போதுதான் சிரிப்பு. 'நாளை தொடரும்' என்று போட்டு, அடுத்த வாரம் வரை அவர் மென்றுகொண்டே இருந்தால் அது நகைச்சுவையா? 2000 வாக்கில் பாலு மகேந்திரா சன் டிவிக்காக 52 சிறுகதைகளைக் 'கதை நேரம்' என்று குறும்படங்களாக எடுத்தார். வாரம் ஒன்று, அந்த வாரமே முடிவு. அந்த அருமையான முயற்சி, மூடிக்கொண்டிருந்த கதவின் இடுக்கில் கடைசியாகத் தெரிந்த வெளிச்சம் மாதிரி ஆகிவிட்டது. அரசு கொடுத்த இலவசக் கலர் டிவி 2006-க்குப் பிறகு வீடு வீடாக வந்து சேர்ந்தபோது, அதில் பார்க்கக் கிடைத்தது பெரும்பாலும் முடியாத கதைகள்தான்.

போட்டியில் கிடைத்த புதையல்

கதவு மறுபடி திறந்தது யாரும் எதிர்பார்க்காத பக்கத்தில். 2007-ல் தொடங்கிய கலைஞர் டிவி கொஞ்ச காலத்திலேயே 'நாளைய இயக்குநர்' என்று ஒரு குறும்படப் போட்டி நடத்தியது. முதல் பருவத்து நடுவர்கள் கார்ட்டூனிஸ்ட் மதனும் நடிகர் பிரதாப் போத்தனும். வாரா வாரம் சில இளைஞர்கள் சொந்தச் செலவில் எடுத்த சின்னப் படங்கள். பத்து நிமிடத்துக்குள் கதை முடிந்தாக வேண்டும்! பணம் இல்லை, நட்சத்திரம் இல்லை, பாட்டு வைக்க நேரம் இல்லை. காமெடி டிராக் என்று தனியாக ஒன்று வைக்கவும் இடம் இல்லை, சிரிப்பு கதைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். கொள்கையால் உடையாத சுவர் இடநெருக்கடியால் உடைந்தது. பெயருக்குத்தான் அது போட்டி நிகழ்ச்சி. உண்மையில் தமிழ் டிவிக்குத் திரும்பி வந்த கதைக் கொத்து அதுதான்.

அந்த முதல் பருவத்தில் ஜெயித்தவர் நலன் குமாரசாமி. அதே மேடையில் வந்தவர் கார்த்திக் சுப்புராஜ். நலனின் 'சூது கவ்வும்' 2013 மே 1-ல் வெளியானது. ஆள் கடத்தலுக்கு ஐந்து விதி வைத்திருக்கும் தாஸ், கண்ணுக்குத் தெரியாத ஒரு காதலி, வேலையில்லாத மூன்று பையன்கள். நயன்தாராவுக்குக் கோவில் கட்டியவனும் அதில் ஒருவன். கடத்தப்பட்ட மந்திரி மகனே கடத்தல்காரர்களோடு பங்கு பேசுகிறான். பேச்சே இல்லாத போலீஸ் அதிகாரியை விரட்ட விட்டு, அவர் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியே அவரைப் பதம் பார்க்கிறது. கடைசியில் நேர்மையான மந்திரி வீட்டில் உட்கார, கடத்தல் நாடகம் ஆடிய மகன் அரசியலுக்கு வருகிறான். பாவம் இல்லை, தண்டனை இல்லை, சாமி இல்லை, முட்டாள்தனமும் பேராசையும்தான். கார்த்திக் சுப்புராஜின் 'ஜிகர்தண்டா' அடுத்த வருடமே வந்தது. மதுரை ரவுடி நடிப்புப் பயிற்சி எடுக்கிற காட்சியில் தியேட்டர் சிரித்ததற்குக் காரணம், கொஞ்சம் முன்னால் அதே ஆள் ஒருவனை எரித்ததைப் பார்த்திருந்ததுதான். அந்தப் பாத்திரத்துக்கு பாபி சிம்ஹாவுக்கு தேசிய விருது கிடைத்தது. இவர்களுக்கு முன்பே 2011-ல் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' இந்தப் பாதையில் தனியாக நடந்து, தியேட்டரில் கவனிக்கப்படாமல் போய், பிறகு கொண்டாடப்பட்டது.

ஆனால் இவர்கள் எல்லோரும் டிவியை ஏணியாக வைத்து சினிமாவுக்கு ஏறிவிட்டார்கள். ஏணி அங்கேயே நின்றது. 2024 டிசம்பரில் 'சூது கவ்வும் 2' வேறு இயக்குநர் கையில் வந்து வந்த வேகத்தில் போனது. சிரிப்பும் குற்றமும் சேர்ந்த கதையைத் தொடராக, பருவத்துக்குப் பருவம் ஆள் மாற்றிச் சொல்லும் வேலையை இன்னும் யாரும் கையில் எடுக்கவில்லை. அதே 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜனும் மறைந்தார். அஞ்சலி எழுதிய பலரும் முதலில் சொன்னது நாவல்களை இல்லை, குளம்படிச் சத்தத்தைத்தான்.

இன்றைய ஓடிடி காலத்தில் மிக அருகே வந்திருப்பது புஷ்கர் - காயத்ரி எழுதிய 'சுழல்'. 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்த முதல் பருவத்தை பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். 2025-ல் வந்த இரண்டாம் பருவத்தில் வேறு ஊர், வேறு கொலை, வேறு திருவிழா. ஆனால் கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் அதே பாத்திரங்களாகத் தொடர்கிறார்கள், ஆகவே முழுக்கத் தனிக்கதை இல்லை. முதல் பருவத்தின் ஊர் சாம்பலூர். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிற இரவில் ஒரு பெண் காணாமல் போகிறாள், அதே இரவில் ஊரின் ஆலை தீப்பற்றி எரிகிறது. அது சிமென்ட் ஆலை! தொழிற்சங்கத் தலைவர், ஆலை முதலாளி, போலீஸ், அங்காளம்மன் என்று ஊரே கதைக்குள் இருக்கிறது. சாமியாடுகிற இரவும் தீயும் மாறி மாறி வருகிற அந்த முதல் அத்தியாயம் தமிழில் எடுக்கப்பட்ட நல்ல அத்தியாயங்களில் ஒன்று. பாவமும் ரகசியமும் அழுகையும் நிறைய உண்டு. சிரிப்புதான் எட்டு அத்தியாயத்திலும் தேட வேண்டியிருக்கிறது.

சிமென்ட் தூசு படிகிற ஊர்க்காரர்களுக்குத் தெரியும், ஆலை கேட்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் டீக்கடையில் அடிக்கப்படுகிற நக்கல் எப்படிப்பட்டது என்று. சாவு வீட்டுத் திண்ணையிலும் அது நிற்காது. சாம்பலூரில் ஆலையை வைத்தார்கள், அம்மனை வைத்தார்கள், அந்த டீக்கடையை மட்டும் விட்டுவிட்டார்கள்.